ஓ-கோஷி: 'இடுப்பு எறிதல்' சரிப்படுமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஜூடோவின் ஜப்பானியப் பெயர்களுக்குத் தமிழ் தேடுகிறோம். ஓ-கோஷி, எதிராளியை இடுப்பில் ஏற்றி விழவைக்கும் ஒரு பிடி. அதற்கு ஐயா முந்தைய மடலில் 'பெரிய இடுப்பு எறிதல்' என்று முன்மொழிந்திருந்தார். அகராதிப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் ஜூடோ வகுப்பில் சேர்ந்து, ஒரு மாதமாக இந்த ஒரே பிடியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அந்த 'எறிதல்' உறுத்துகிறது. எறிவது கை வேலை. நானும் அப்படி நினைத்துத்தான் முதல் நாள் கூட்டாளியைக் கையாலேயே தூக்கப் பார்த்தேன். அவர் அசையவில்லை; எனக்குக் குறுக்குப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நடப்பது வேறு. இடக்கையால் எதிராளியின் வலது சட்டைக்கையை முழங்கைப் பக்கம் பிடித்து இழுக்க வேண்டும். அவர் குதிகால் எழும்பி முன்பாதத்தில் நிற்கும்போது, நம் வலக்கை அவருடைய இடது அக்குளுக்கு அடியில் புகுந்து முதுகைச் சுற்ற வேண்டும். அப்படியே திரும்பி, முழங்காலை மடக்கி, அவர் பெல்ட்டுக்குக் கீழே நம் இடுப்பைக் கொடுக்க வேண்டும். அப்புறம் காலை நிமிர்த்தி இடப்பக்கம் திரும்பினால் ஆள் நம் இடுப்பின் மேல் உருண்டு மல்லாந்து விழுகிறார். பாரவண்டி குடைசாய்கிற மாதிரிதான்.

ஆகவே கோஷி (இடுப்பு) வகைக்கு என் பரிந்துரை 'இடுப்புக் கவிழ்ப்பு'. ஓ-கோஷி 'பெருங்கவிழ்ப்பு'. ஆளை விழவைக்கும் எல்லாப் பிடிக்கும் பொதுவான நாகே என்ற சொல்லுக்கு 'வீழ்த்து' இருக்கட்டும்.

ஓ-கோஷிக்கு 'உப்புமூட்டை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் இடம் மாறிவிட்டது. முதுகில் சுமப்பது செஓய்-நாகே. ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகனின் பட்டியலில் அது கை வித்தை வகை. சொல்லை அதற்கு எடுத்து வைப்போம்.

ஹராய்-கோஷிக்கு நாம் தேடவே வேண்டாம். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவுக்குக் கைவந்தது உகி-கோஷி என்ற இன்னொரு இடுப்புப் பிடி. மாணவர் சைகோ ஷிரோ அந்த இடுப்பைத் தாண்டிக் குதித்துத் தப்பப் பழகியதும், கானோ காலை நீட்டி வாரிவிட்டார், அப்படி வந்ததுதான் இது என்பார்கள். காலை வாருவது நமக்குத் தெரியாத கலையா! 'வாரு கவிழ்ப்பு'.

*

தம்பி, விளக்கம் நன்று. இரண்டு ஐயம். ஒன்று, போட்டியில் உலகம் முழுக்க ஜப்பானியப் பெயர்தானே? இரண்டு, கவிழ்ப்பு என்றதும் எனக்கு ஆட்சிக் கவிழ்ப்புதான் நினைவுக்கு வருகிறது.

*

ஐயா, நடுவர் 'இப்போன்' (முழுப்புள்ளி) என்றுதான் சொல்வார். அதை மாற்றச் சொல்லவில்லை. பட்டியலில் ஓ-கோஷி ஓ-கோஷியாகவே இருக்கட்டும். வகுப்பில் பத்து வயதுப் பையனுக்குப் புரியவைக்கத்தான் தமிழ் வேண்டும். எங்கள் பயிற்சியாளர் இப்போதே "தூக்காதே, கவுத்து" என்றுதான் கத்துகிறார். நான் அதற்கு இலக்கணச் சட்டை போட்டேன், அவ்வளவே.

ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி: கானோ ஒரு வீழ்த்தை மூன்றாகப் பிரித்தார் - குசுஷி, சுகுரி, காகே. முதலாவது நிலைகுலைப்பு, கடைசியது வீழ்த்தி முடிப்பது. கவிழ்ப்பு எப்போதும் நிலைகுலைப்புக்குப் பிறகுதான். பொருத்தமாகத்தானே இருக்கிறது?

சுகுரிக்குத்தான் சொல் அகப்படவில்லை. குலைந்த ஆளோடு நம் உடம்பைப் பொருத்திக்கொள்ளும் அந்த அரை நொடி. 'பொருந்தல்' என்றால் சப்பென்று இருக்கிறது. 'அண்டை கொடுத்தல்' எப்படி?