பணிமூப்பா, வரிசையா? விமானிகளின் சீனியாரிட்டிக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழும நண்பர்களுக்குப் புதுச்சேரியிலிருந்து வணக்கம்.

இந்த இழையில் சீனியாரிட்டிக்குப் 'பணிமூப்பு' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாகும்போது விமானிகளின் பட்டியல்களைச் சேர்ப்பதற்குப் 'பணிமூப்பு ஒருங்கிணைப்பு' என்றும், துணை விமானி கேப்டன் ஆவதற்குப் 'பதவி உயர்வு' என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிமூப்பு நல்ல சொல்தான். தாலுகா அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் அது போதும், அங்கே எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பதுதான் கேள்வி. விமானிகளிடம் கேட்டால் ஆண்டுக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள், ஒரு எண்ணைச் சொல்வார்கள். நிறுவனத்தில் தனக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். மேலே ஒருவர் 65 வயதில் ஓய்வு பெற்றாலோ, வேறு நிறுவனத்துக்குப் போனாலோ, மருத்துவச் சோதனையில் தகுதி இழந்தாலோ எண் ஒரு படி ஏறும். அமெரிக்காவில் எந்த வகை விமானம், எந்த ஊர், எந்த மாதம் விடுப்பு, எப்போது கேப்டன் என்று எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் போகும். இன்னொரு நிறுவனத்துக்கு மாறினால் அந்த எண்ணைக் கூடவே எடுத்துப்போக முடியாது, அங்கே கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். நம் நாட்டில் அவ்வளவு கறார் இல்லை, தேவைப்பட்டால் வெளியிலிருந்து நேரே கேப்டனாகவே ஆள் எடுக்கிறார்கள். ஆனாலும் உள்ளே இருக்கும் துணை விமானிக்குத் தன் முறை எப்போது வரும் என்பது வரிசையைப் பொறுத்ததுதான்.

சரி, 'பதவி உயர்வு' ஏன் வேண்டாம் என்கிறேன்? துணை விமானி கேப்டன் ஆக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், ஏடிபிஎல் என்ற உயர்நிலை விமானி உரிமம் எடுக்க வேண்டும், அப்புறம் சிமுலேட்டர், பயிற்சிக் கேப்டனோடு இடது இருக்கையில் பறப்பது, கடைசியாக ஒரு சோதனை. இவ்வளவும் இருந்தும் இடம் காலியாக இல்லையென்றால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் ஒரு விமானத்துக்கு இடது இருக்கை ஒன்றுதான். அந்த இருக்கைக்குப் போகிறவருக்குச் சம்பளம் கூடுகிறது, தோள்பட்டையில் மூன்று பட்டை நான்காகிறது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் மாறுவது அது மட்டுமில்லை. விமானம் கிளம்பலாமா வேண்டாமா, திரும்பலாமா, வேறு ஊரில் இறக்கலாமா என்ற கடைசிச் சொல் அவருடையதாகிறது, அத்தனை பயணிகளுக்கும் சட்டப்படி அவர் பொறுப்பாகிறார். எழுத்தர் கண்காணிப்பாளர் ஆவதற்கும் இதற்கும் ஒரே சொல்லா? விமானிகளே இதைப் 'புரமோஷன்' என்று அதிகம் சொல்வதில்லை. 'கமாண்ட் வந்திருச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். என் முன்மொழிவு 'தலைமையேற்பு'.

நிறுவனம் வளர்ந்தால் இந்தத் தலைமையேற்பு சீக்கிரம் வரும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த செய்தி வந்தபோது நாமெல்லாம் 'அடேங்கப்பா' என்று படித்துவிட்டுப் போனோம், துணை விமானிகளோ அன்றே தங்கள் முறை எப்போது என்று கணக்குப் போட ஆரம்பித்திருப்பார்கள். ஒரு விமானம் நாள் முழுக்கப் பறக்க ஒரு கேப்டன் போதாது, மாற்றி மாற்றிப் பலர் வேண்டும், அதனால் வந்து சேர்கிற ஒவ்வொரு விமானமும் வரிசையை நகர்த்தும். நின்று போவதும் உண்டு. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60 இலிருந்து 65 ஆக்கினார்கள். மேலே இருந்தவர்கள் இன்னும் ஐந்து ஆண்டு இருக்கலாம் என்றானது, கூடவே 2008 பொருளாதாரச் சரிவும் வந்தது, கீழே காத்திருந்தவர்கள் அதே வலது இருக்கையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு 'வரிசைத் தேக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் சண்டைக்கு வருவது இணைப்பு விஷயத்தில்தான்.

2005 இல் அமெரிக்காவில் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. முதல் நிறுவனத்து விமானிகள் நீண்ட காலமாக வேலையில் இருந்தவர்கள், ஆனால் அந்த நிறுவனம் சுருங்கி, பலரை வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்திருந்தது. இரண்டாவது நிறுவனத்தில் இளையவர்கள், ஆனால் வேலையில் இருந்தார்கள், சீக்கிரம் கேப்டன் ஆகும் நிலையிலும் இருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி சேருங்கள் என்றார்கள் மூத்தவர்கள். எங்கள் நிறுவனத்தில் நாங்கள் எந்த உயரத்தில் இருந்தோமோ புதுப் பட்டியலிலும் அதே உயரம் வேண்டும் என்றார்கள் இளையவர்கள். நடுவர் ஜார்ஜ் நிக்கலாவ் 2007 இல் கொடுத்த தீர்ப்பில், வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள் எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும் பட்டியலின் அடிக்குப் போனார்கள். மூத்தவர்கள் கொதித்துப்போய்ப் பழைய தொழிற்சங்கத்தையே விட்டு வெளியேறி 2008 இல் புதுச் சங்கம் கண்டார்கள், தீர்ப்பு நடைமுறைக்கு வரவேயில்லை, 2013 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேரும்வரை ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு பட்டியல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது சொல்லுங்கள், இந்தச் சண்டையைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'பணிமூப்பு' என்று போட்டால் என்ன ஆகும்? பணியில் மூத்தவர் மேலே இருக்க வேண்டும் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. எழுதுகிறவருக்குத் தெரியாமலே ஒரு கட்சியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். சண்டையே அதைப் பற்றித்தானே! அதனால் 'வரிசை' என்கிறேன். விமானியர் வரிசை, வரிசை எண். எதை வைத்து வரிசை என்பதை அது சொல்லாது, சொல்லவும் கூடாது.

அப்படியானால் இரண்டு வரிசைகளைச் சேர்ப்பதற்கு என்ன சொல்? 'ஒருங்கிணைப்பு' என்றால் எல்லாம் கலந்து ஒன்றானது போலத் தொனிக்கிறது, இங்கே யாருக்கு முன் யார் என்பதுதான் உயிர். 'இடைச்செருகல்' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், வேண்டவே வேண்டாம், ஏட்டில் யாரோ புகுத்திய பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறோம். நான் சொல்வது 'வரிசை கோத்தல்'. மல்லியையும் கனகாம்பரத்தையும் ஒரே நாரில் கட்டும்போது இரண்டுக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா என்று கை முடிவு செய்கிறதல்லவா, அதே வேலைதான் இது. ('கோர்த்தல்' என்று எழுதாதீர்கள், கோத்தல்தான் சரி.) சேர்ந்த தேதிப்படி என்றால் 'நாட்கோப்பு', இரு பட்டியலின் அளவுக்கேற்ப என்றால் 'விகிதக்கோப்பு'. ஒரு நிறுவனத்தாரை மொத்தமாக இன்னொரு நிறுவனத்தாருக்குக் கீழே போடுவதை அமெரிக்காவில் ஸ்டேப்பிள் அடிப்பது என்பார்கள், அது 'அடிச்சேர்ப்பு'. 2001 இல் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது அதன் விமானிகளில் பெரும் பகுதியினருக்கு நடந்தது இதுதான். அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆள்குறைப்பு வந்தது, ஆள்குறைப்பு எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்கும். இணைப்பின்போது பட்டியல்களை நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று 2007 இல் அங்கே சட்டமே வந்தது.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமில்லை. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007 இல் இணைக்கப்பட்டன. ஊழியர்களை எப்படிச் சேர்ப்பது என்று பார்க்க 2011 இல் நீதிபதி தர்மாதிகாரி குழுவை அமைத்தார்கள். 2012 இல் புதிதாக வரவிருந்த ட்ரீம்லைனர் விமானத்தின் பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்தாருக்கும் கொடுத்தால் எங்கள் முன்னேற்றம் என்னாவது என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 அக்டோபரில் ஏஐஎக்ஸ் கனெக்ட் (முன்பு ஏர்ஏசியா இந்தியா) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடும், நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடும் சேர்ந்தன. நம் செய்தித்தாள்கள் இதை எழுதும்போது பயணச்சீட்டு என்னாகும், சாப்பாடு என்னாகும் என்று பக்கம் பக்கமாக எழுதின. விமானிகளின் வரிசையைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி எழுத வேண்டுமென்றால் கையில் சொல்லே இல்லை.

என் அக்கா மகள் ஒரு நிறுவனத்தில் துணை விமானி, பெயர் வேண்டாம். படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. இவளுக்கு எப்போது கமாண்ட் என்று வீட்டில் யார் கேட்டாலும் விளக்கத் தெரியாமல் அவள் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறாள், எங்கள் அக்கா அதோடு பேச்சை விட்டுவிடுகிறார். பெற்ற தாய்க்கு மகளின் வேலையைத் தமிழில் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

* * *

கடலூரிலிருந்து மறுமொழி:

தம்பி, வரிசை பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். வரிசை என்பது கியூ மட்டுமில்லை, தகுதி அறிந்து தரும் மதிப்பும்தான். எங்கள் ஊர்க் கடலில் வந்து விழுகிற தென்பெண்ணையின் கரையில், திருக்கோவலூரில் ஆண்ட காரியிடம் கபிலர் சொன்னதும் அதுதானே, நிறையக் கொடுப்பது எளிது, வரிசை அறிவதுதான் அரிது என்று. ஆண்டுக் கணக்கா, இருக்கும் உயரமா என்ற இரண்டு பக்கமும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

ஆனால் 'தலைமையேற்பு' எனக்குப் பிடிக்கவில்லை. சுவரொட்டியில் பாருங்கள், கூட்டத்துக்குத் தலைமையேற்றார், விழாவுக்குத் தலைமையேற்றார். படிக்கிறவருக்கு மேடைதான் நினைவுக்கு வரும். கேப்டனுக்கு 'வலவன்', அதாவது ஊர்தியை ஓட்டுபவன், என்று இன்னொருவர் சொன்னாரே, அதை ஏன் எடுக்கவில்லை? வானூர்திக்கும் வலவனுக்கும் சங்கப் பாட்டிலேயே இடமிருக்கிறது.

* * *

ஐயா, வணக்கம். வரிசைக்கு நீங்கள் காட்டிய பொருள் எனக்குத் தோன்றவேயில்லை, மிக்க நன்றி.

வலவன் அழகான சொல், பைலட் என்ற பொதுப் பொருளுக்கு மனமாரத் தருவேன். கேப்டனுக்கு மட்டும் வைக்கத் தயக்கம். இன்று அதைக் கேட்கிறவருக்கு வலப்பக்கம் நினைவு வரும், கேப்டன் உட்காருவதோ இடப்பக்கம். துணை விமானியைத்தான் வலவன் என்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள்.

மேடை நினைவு வரும் என்பது சரியான தடை. அப்படியென்றால் முன்னால் 'கலம்' சேர்க்கலாமா? மரக்கலம், விண்கலம் என்று நமக்குப் பழகிய சொல்தானே. 'கலத்தலைவர்', 'கலத்தலைமை'. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் கேப்டனைக் 'கொமாந்தான் த போர்' என்று சொல்லக் கேட்கலாம், கலத்தின் தலைவர் என்றே பொருள். எங்கள் லாசுப்பேட்டை விமான நிலையத்தில் வந்து இறங்குகிற சின்ன ஏடிஆர் விமானத்தின் கேப்டனும் கலத்தலைவர், கடல் கடந்து போகிற போயிங்கின் கேப்டனும் கலத்தலைவர். சின்ன விமானத்தில் சீக்கிரம் இடது இருக்கைக்குப் போவதா, பெரிய விமானத்தில் துணை விமானியாகவே காத்திருப்பதா என்று விமானிகள் குழம்புவதைக்கூட 'முதலில் கலத்தலைமை, பெரிய கலம் அப்புறம்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இணைந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு இந்தப் பக்கத்து விமானங்களுக்கு அந்தப் பக்கத்தார் வரக்கூடாது என்று போடும் தடையை அமெரிக்காவில் 'ஃபென்ஸ்' என்கிறார்கள். 'வேலி' போதும், வேறு யோசிக்க வேண்டாம் என்பேன். மாற்று இருந்தால் எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலைப் பராமரிக்கும் நண்பர் கலத்தலைமை, வரிசை எண், வரிசை கோத்தல், அடிச்சேர்ப்பு, வரிசைத் தேக்கம் ஐந்தையும் இப்போதைக்கு ஏற்றிவிடலாம், பொருள் மட்டும் போடாமல் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியமும் போட்டால் நல்லது. நான் ஒன்று தருகிறேன்: 'இரு நிறுவனங்களும் இணைந்தபின் வரிசை கோத்தல் முடியாமல் இழுத்ததால் துணை விமானிகள் பலருக்குக் கலத்தலைமை தள்ளிப்போனது.'