98 விழுக்காடு திரும்பி வந்தால் வறுமை ஒழிந்ததா?

பனையோலை:
வளரும் நாடுகளில் சமூகப் பணி பற்றிய இழையில் கணக்கப்பன் நேற்று எழுதியது இது: "வங்கதேசத்தின் கிராமீன் வங்கி ஏழைகளுக்குக் கொடுத்த கடனில் 98 விழுக்காடு திரும்பி வருகிறது. வறுமையை ஒழிக்க ஈடு கேட்காமல் கொடுக்கும் இந்தச் சிறு கடன், அதாவது குறுங்கடன், ஒன்றே போதும். வீடு வீடாக ஏறி இறங்கும் சமூகப் பணியாளருக்குக் கொடுக்கும் சம்பளம் தண்டம்."
படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கடன் திரும்பியது கொடுத்தவனுக்கு நல்ல செய்தி. வாங்கியவள் வீட்டில் என்ன நடந்தது என்று அந்த எண் எங்கே சொல்கிறது? நான் ஒரு கடன் நிறுவனத்தில் வசூல் பார்த்தவள். ஐந்து பேர் குழுவில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற நால்வரும் அவள் வாசலில் போய் உட்காருவார்கள். பாத்திரம் அடகுக்குப் போகும். பிள்ளையின் படிப்பு நிற்கும். இன்னொரு நிறுவனத்தில் கடன் போட்டு இந்தக் கடனை அடைப்பாள். எங்கள் பேரேட்டில் எல்லாமே "வசூல் ஆனது" என்றுதான் ஏறும்.

கணக்கப்பன்:
நீங்கள் வேலை பார்த்த நிறுவனம் மோசம் என்றால் அதற்கு கிராமீன் என்ன செய்யும்? 1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஜோப்ரா கிராமத்தில் கிராமீனைத் தொடங்கிய முகமது யூனுஸ் 42 பேருக்குக் கொடுத்தது மொத்தமே 27 டாலர். 1983இல் அது வங்கியானது. 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு. ஈடு கேட்கவில்லை. கடன் வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். எந்த வங்கியும் உள்ளே விடாத அந்தப் பெண்கள் வாங்கியதைத் திருப்பிக் கட்டினார்கள். 98 விழுக்காடு. பெரிய பெரிய முதலாளிகள் கட்டுகிறார்களா?

மழைக்குருவி:
ஒரு நிமிடம். 98 என்றால் எந்த 98? தவணை நாளன்றே வந்ததா, தாமதமாக வந்ததும் சேர்த்தியா, மறுதவணை போட்டுக் கொடுத்த கடன் எந்தக் கணக்கில் வருகிறது? இதைப் பேசிக்கொண்டு மேலே போகலாமே.

கணக்கப்பன்:
எப்படிப் பார்த்தாலும் 98தான்.

பனையோலை:
எப்படிப் பார்த்தாலும் 98 இல்லை! 1998 வெள்ளத்தில் வங்கதேசத்தின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் மூழ்கியது. ஆடும் மாடும் போனது, விதைத்ததும் போனது. தவணை எங்கிருந்து வரும்? 2001 நவம்பரில் அமெரிக்க நாளிதழ் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இந்த 98ஐத்தான் கேள்வி கேட்டு எழுதியது. ஓராண்டுக்கு மேல் கட்டாமல் கிடந்த கடன்களை எடுத்துக் காட்டியது. கிராமீனே பழைய முறையைக் கைவிட்டு, கட்ட முடியாதவர்களுக்குத் தவணையை நீட்டிக் கொடுக்கும் புது முறைக்கு மாறியது. எல்லாம் 98ஆக ஓடிக்கொண்டிருந்தால் எதற்கு மாறினார்கள்? பதில் சொல்லுங்கள் ஐயா.

கணக்கப்பன்:
வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தவணை நீட்டித்தது குற்றமா? அதையும் வசைபாடுவீர்களா? வெள்ளம் இல்லாத ஆண்டுகளில் 98தான். மீண்டும் சொல்கிறேன், 98.

தெருவிளக்கு:
ஆந்திராவை யாரும் பேசக் காணோமே. 2010 அக்டோபரில் குறுங்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அரசு அவசரச் சட்டம் போட்ட பிறகு வசூல் அப்படியே படுத்துவிட்டது. சட்டத்துக்கு முன்பே கடன் வாங்கியவர்களின் தற்கொலைச் செய்திகள் வந்தன. சட்டத்துக்குச் சில மாதம் முன்பு வரை அந்த நிறுவனங்களும் இதே மாதிரி 98, 99 என்றுதான் பெருமை பேசின. அவற்றில் ஒன்று அந்த ஆண்டுதான் பங்குச் சந்தைக்கே வந்தது.

கணக்கப்பன்:
அது இலாபத்துக்கு நடத்தப்பட்ட நிறுவனம். கிராமீனில் தொழில் கடனுக்கு, கட்டக் கட்டக் குறையும் பாக்கித் தொகைக்கு மட்டும் 20 விழுக்காடு வட்டி. மெக்சிகோவில் 2007இல் பங்கு விற்ற கொம்பார்த்தமோஸ் என்ற குறுங்கடன் நிறுவனம் வாங்கிய வட்டி 80ஐத் தாண்டும். யூனுஸே அதைக் கண்டித்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

பனையோலை:
ஒரே தட்டில் வைத்தது நீங்கள். "குறுங்கடன் போதும், ஆள் வேண்டாம்" என்று பொதுவாக எழுதியது யார்? இப்போது சிக்கியதும் கிராமீன் மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறீர்கள்.
சரி, ஆய்வுக்கு வாருங்கள். 2015இல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாட்டுக் குறுங்கடன் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. கடன் கிடைத்த தரப்பு, கிடைக்காத தரப்பு என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே கடை வைத்திருந்த சிலர் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், அவ்வளவுதான். வறுமை பெரிதாகக் குறைந்ததாக எந்த நாட்டிலும் தெரியவில்லை. ஹைதராபாத் ஆய்வில் பிள்ளைகள் படிப்பிலோ, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பிலோ மாற்றம் தெரியவில்லை. கடன் திரும்பி வந்தது, வறுமை அங்கேயே இருந்தது. இதைத்தான் தொண்டை வறளச் சொல்கிறேன்.

கணக்கப்பன்:
ஆய்வு என்றதும் நினைவு வருகிறது. வாசலில் உட்காருவார்கள், குழு நெருக்கும் என்று முதல் பதிவிலேயே கண்ணீர் வடித்தீர்களே. பிலிப்பைன்ஸில், குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்ற விதியையே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். வசூல் குறையவில்லை. நெருக்கடியால்தான் 98 வருகிறது என்ற உங்கள் வாதம் அன்றைக்கே செத்தது.

பனையோலை:
அரைகுறையாகப் படித்துவிட்டு வராதீர்கள். அங்கே பொறுப்பு விதியைத்தான் எடுத்தார்கள், கூட்டத்தை எடுக்கவில்லை. பத்துப் பேர் பார்க்க, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து பணம் கட்ட வேண்டும். அந்த வெட்கம் போதாதா? அந்தக் கூட்டங்களை நடத்தியவள் நான். உங்களுக்குக் காகிதத்தில் தெரிந்தது எனக்கு முகத்தில் தெரியும்.

படித்துறை:
நான் சமூகப் பணியில் முதுகலை முடித்தவன். ஒன்று கேட்கிறேன், பனையோலை கோபிக்க வேண்டாம். கடன் வசூலிப்பது சமூகப் பணியே இல்லை. தனியாள் பணி, குழுப்பணி, ஊர் மக்களை ஒன்றுதிரட்டும் சமுதாய அமைப்பாக்கம் என்று முறைகள் இருக்கின்றன. வசூலுக்குப் போனவர்கள் எல்லாம் சமூகப் பணியாளர் சார்பாகப் பேசுவதால்தான் கணக்கப்பன் மாதிரி ஆட்கள் சம்பளம் தண்டம் என்கிறார்கள்.

பனையோலை:
வந்துவிட்டீர்களா. கழிப்பறை பற்றிய முந்தைய இழையிலும் இதே பட்டத்தைத்தான் நீட்டினீர்கள், அதை நான் மறக்கவில்லை. வசூலை விட்டுவிட்டு வந்து அதே பெண்களோடு மறுபடி வேலை செய்கிறவள் நான். ஒரு பெண்ணுக்கு எந்தக் கடன் எங்கே இருக்கிறது, புருஷனுக்குத் தெரியாமல் எதை விற்றாள் என்பது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்காது. உங்கள் முறைகளின் பெயர்களை அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

படித்துறை:
படிப்பைக் கேலி செய்வது எளிது. மனநலம் குலைந்த ஒருவரைக் கையாளத் தெரியாமல் "அனுபவம்" என்று சொல்லிக்கொண்டு போனால் சேதம் யாருக்கு?

மழைக்குருவி:
இன்னமும் 98 என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

பனையோலை:
கணக்கப்பனுக்கு இன்னொன்று. ஆள் வேண்டாம் என்றீர்களே. அதே வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு, குறுங்கடன் எட்டாத பரம ஏழைகளுக்கென்று 2002இல் தனித் திட்டம் தொடங்கியது. கடன் கிடையாது. ஆடோ மாடோ கோழியோ கொடுப்பார்கள், கொஞ்ச நாள் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, வாராவாரம் ஒரு பணியாளர் வீட்டுக்கே வருவார். இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெருவில் 10,000க்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்துச் சோதித்தார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அவர்கள் சாப்பிடுவதும் சம்பாதிப்பதும் கூடியிருந்தது. வாராவாரம் வந்த ஆள்தான் உங்கள் கணக்கில் தண்டச் சம்பளக்காரர்.

கணக்கப்பன்:
ஹோண்டுராஸை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். அங்கே கொடுத்த கோழிகள் நோய் வந்து செத்தன. போட்ட செலவுக்குப் பலன் வரவில்லை. வாராவாரம் போன ஆள் என்ன செய்துகொண்டிருந்தார்?

தெருவிளக்கு:
கோழி செத்ததற்குப் பணியாளர் என்ன செய்வார்? உள்ளூர் நோய்க்குத் தாங்காத இனத்தைத் தேர்ந்தெடுத்தால் அப்படித்தான் ஆகும்.

கணக்கப்பன்:
தேர்ந்தெடுத்தது யார்? அந்தத் திட்டத்து ஆட்கள்தானே? ஏழைப் பெண் கையில் கடனைக் கொடுத்திருந்தால் எந்தக் கோழி வாங்குவது என்று அவளே முடிவு செய்திருப்பாள். அவளுக்குத் தெரியாதது பணியாளருக்குத் தெரியும் என்று நினைப்பதே திமிர்.

பனையோலை:
கடனில் வாங்கிய கோழி செத்திருந்தால்? தவணை நிற்குமா? செத்த கோழிக்கும் வாராவாரம் கட்டியிருப்பாள், நீங்கள் அதையும் 98இல் சேர்த்திருப்பீர்கள். ஆறு நாட்டில் ஐந்தை விட்டுவிட்டுக் கோழியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கணக்கப்பன்:
2001 செய்தி ஒன்றைப் பிடித்துத் தொங்குவது நீங்கள். 98.

படித்துறை:
கழிப்பறை இழையில் நான் சொன்னது சரி என்பதை இங்கேயும் பதிவு செய்கிறேன்.

பனையோலை:
அந்த இழையின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து என் பதிலை ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள். கணக்கப்பன், 1998க்குப் பிறகு எதற்கு முறையை மாற்றினார்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும் வரை கேட்பேன்.