க்ளௌன் மீன் மேல் வெள்ளைப் புள்ளி, உதவுங்கள்

கேள்வி: கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டு க்ளௌனில் சின்னதின் துடுப்பில் உப்புத்தூள் ஒட்டியது போல ஐந்தாறு புள்ளிகள், நேற்றிலிருந்து கல்லில் உரசிக்கொண்டே இருக்கிறது, இரையும் எடுக்கவில்லை. இறாலும் கூடவே இருக்கிறது. என்ன மருந்து போடலாம்?

பதில் 1: முதலில் அமோனியா (மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நஞ்சு) பாருங்கள். புதுத் தொட்டியில் பல நேரம் மீனைக் கொல்வது அதுதான்.

பதில் 2: எண்ணக்கூடிய புள்ளிகள் என்றால் பெரும்பாலும் வெள்ளைப்புள்ளி நோய். மெல்லிய பொடி பூசியது போல இருந்து வேகமாக மூச்சு வாங்கினால் வெல்வெட் என்கிற வேறொரு ஒட்டுண்ணி நோய், அதற்குத் தாமதிக்கவே கூடாது. இரண்டுக்கும் தாமிர மருந்து கேட்கும், ஆனால் தனித் தொட்டியில் மட்டும் போடுங்கள், இறால் தாங்காது.

கேட்டவர்: அமோனியா 0.5 காட்டுகிறது. கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டேன்.

பதில் 2: சரி, அப்புறம் இரண்டு மீனையுமே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். கிருமி மணலில் கூடுகட்டிக் காத்திருக்கும், அதனால் ஒட்ட மீன் கிடைக்காமல் அது சாகும்வரை, பெரிய தொட்டி பத்து பதினொரு வாரம் மீனில்லாமல் கிடக்கட்டும்.