மூன்று பிள்ளைகள், வேறு வேறு வயது: எந்த லெவல் புத்தகம் எடுப்பது?

கேள்வி

வணக்கம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 7 மாதம் ஆகிறது. மூத்தவளுக்கு 11 வயது, மகனுக்கு 8, சின்னவளுக்கு 5.

ஆரம்பத்தில் ஒரு வேலை செய்தேன். பள்ளிக்குப் போயிருந்தால் எந்த வகுப்பில் இருப்பார்களோ, அந்த வகுப்புக்கான முழு செட்டையும் வாங்கி அடுக்கினேன். கணக்கு, மொழி, அறிவியல், சமூகம் எல்லாமே ஒரே பதிப்பகம். வயதுக்கு ஏற்ற புத்தகம் என்று நம்பித்தான் வாங்கினேன்.

மூத்தவள் கதைப் புத்தகம் என்றால் கீழே வைக்கமாட்டாள். பின்னக் கணக்கு வந்தால் மட்டும் கண் கலங்கிவிடுகிறது. 3/4-ஐயும் 2/5-ஐயும் கூட்டச் சொன்னால் 5/9 என்று எழுதுகிறாள். மகன் மனக்கணக்கில் கெட்டி. ஆனால் தாளில் 402-இலிருந்து 168-ஐக் கழிக்கச் சொன்னால் 366 என்று எழுதி வைக்கிறான். தமிழ் வாசிப்பது இன்னும் எழுத்துக்கூட்டித்தான். ஒரு பத்தி முடிவதற்குள் களைத்துப்போகிறான். சின்னவள் தனக்கும் ஒரு ஒர்க்புக் வேண்டும் என்று மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள்.

மூத்தவளை ஒரு லெவல் இறக்கலாமா? அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே அவளுக்கு மனசு உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. மூன்று பேருக்கும் எல்லாப் பாடத்தையும் தனித்தனியாக நடத்தியே ஆக வேண்டுமா? காலையில் உட்கார்ந்தால் பிற்பகல் வரை என்னால் மேஜையை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை. யாருக்கும் முழுதாக எதையும் சொல்லித்தந்த மாதிரியும் இல்லை.

பதில் 1 (நான்கு பிள்ளைகளின் அப்பா, வீட்டுக் கல்வியில் 9 வருடம்)

சகோதரி, அந்த 5/9-ஐயும் 366-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு வகைத் தப்பு. லெவலைப் பற்றிய பதில் அங்கேயே இருக்கிறது.

மகன் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். 8-இல் 2 போனால் 6, 6-இல் 0 போனால் 6, 4-இல் 1 போனால் 3. நடுவில் பூஜ்யம் இருப்பதால் பக்கத்து இடத்தில் கடன் வாங்க ஒன்றும் இல்லை, நூறு வரை போய் வாங்கி வர வேண்டும். அந்தப் படியில்தான் நிற்கிறான். இதே கணக்கை வாயால் கேட்டுப் பாருங்கள். 402 மணி இருந்தது, 168 எடுத்துவிட்டேன், மீதி எத்தனை என்று. 234 என்று சொல்லிவிட்டால் எண்கள் அவனுக்குப் புரிகின்றன, தாளில் எழுதும் முறை மட்டும்தான் பாக்கி. அதற்காக ஒரு வருடப் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டாம். பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டுங்கள், பத்துக் கட்டை ஒரு பெரிய கட்டாகக் கட்டுங்கள். பெரிய கட்டை அவனே அவிழ்த்துப் பத்துக் கட்டாக்கி, அதில் ஒன்றை அவிழ்த்துக் கழிக்கட்டும். அப்புறம் அதையே தாளில் செய்யட்டும்.

மகள் விஷயம் ஆழமானது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். 3/4 என்பது ஒரே எண் என்ற எண்ணம் இன்னும் மனதில் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால், முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபிறகு அரையைச் சற்றே தாண்டிய 5/9 எப்படி வந்தது என்று அவளே கேட்டிருப்பாள். இதற்கு விதியை மறுபடி மறுபடி சொல்லிப் பயனில்லை. எங்கே பிடி விட்டது என்று தேட வேண்டும். 4-க்கும் 5-க்கும் பொது மடங்கு கேட்டால் 20 என்று உடனே வருகிறதா? வரவில்லை என்றால் கோளாறு வாய்ப்பாட்டில் இருக்கிறது, பின்னத்துக்கு இன்னும் வரவே இல்லை.

என் இரண்டாவது மகனுக்கு 10 வயதில் இதே கதைதான். அப்போது செய்ததைச் சொல்கிறேன். வயதுக்குரிய புத்தகத்தை விட்டுவிட்டு, இரண்டு லெவல் கீழே இருந்த புத்தகத்தின் கடைசித் தேர்வைக் கொடுத்தேன். கடிகாரம் வைக்கவில்லை. இரண்டு காலைப் பொழுதாகப் பிரித்தேன். தொடர்ந்து நான்கைந்து தப்பு வந்ததும் நிறுத்திவிட்டேன். தப்பான ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தான் என்று அவனையே சொல்லச் சொன்னேன். சொல்லும்போதே திருத்திக்கொண்டால் அது கவனப்பிசகு. அதே தப்பை நியாயப்படுத்தினால் அது தெரியாத இடம். 100-க்கு 85-க்கு மேல் வந்தால் அடுத்த புத்தகத்தின் தேர்வு. 60-இலிருந்து 85-க்குள் என்றால் அந்தப் புத்தகத்தில் விட்டுப்போன பாடங்களை மட்டும் நடத்துவது. அதற்கும் கீழே என்றால் அதே புத்தகத்தை முதலிலிருந்து. இது என் வீட்டில் வைத்துக்கொண்ட கோடு. நான்கு பிள்ளைகளுக்கும் பொருந்தியது.

அட்டையில் இருக்கும் எண்ணுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்காதீர்கள். ஒரு பதிப்பகத்தின் 4 இன்னொரு பதிப்பகத்தின் 5-க்குச் சமமாக இருக்கும். சாக்ஸன் என்ற அமெரிக்கக் கணக்குப் புத்தக வரிசையில் ஒரு புத்தகத்தின் பெயரே 5/4. சராசரி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, அல்லது வேகமாகப் போகும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு என்று அர்த்தம். மேத் யூ சீ என்ற இன்னொரு அமெரிக்கக் கணக்கு வரிசையில் வகுப்பு எண்ணே இல்லை, தொடக்க நிலைப் புத்தகங்களின் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகள்தான். காமா என்றால் பெருக்கல், டெல்டா வகுத்தல், எப்சிலான் பின்னம். இந்த மாதிரி புத்தகம் என்றால் உங்கள் மகளிடம் லெவலைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம், பின்னம் படிக்கிறோம் என்று சொன்னால் போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். சாக்ஸன் மாதிரி வரிசைகளில் ஒவ்வொரு விஷயமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப வரும். நடுவில் ஏறினால் முன்னால் தொட்டதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒரே விஷயத்தை முழுதாக முடித்து நகரும் வரிசைகளில் ஓட்டையை மட்டும் அடைக்கச் சுலபம். இப்போது உங்களுக்கு இரண்டாவது வகைதான் உதவும்.

பதில் 2 (தொடக்கப் பள்ளியில் பல வருடம் ஆசிரியையாக இருந்தவர்)

கணக்கைப் பற்றி அவர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் மகனின் வாசிப்புதான் எனக்குக் கவலை. கேள்வியில் ஒரே வரியில் சொல்லிப்போய்விட்டீர்கள் அம்மா.

மொழிப்பாடம் என்று ஒரே புத்தகம் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குள் நான்கு லெவல் இருக்கிறது: காதால் கேட்டுப் புரிந்துகொள்வது, வாசிப்பது, சொந்தமாகச் சொல்வது, எழுதுவது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த நான்கும் ஒரே இடத்தில் இருக்காது. நீங்கள் வாசித்துக்காட்டினால் அக்காவின் புத்தகத்தைக்கூட அவன் புரிந்துகொள்ளக்கூடும். அவனே வாசிப்பதற்கு அதைவிட எளிய புத்தகம் வேண்டும். எழுதுவதற்கு இன்னும் எளியது.

எம்மெட் பெட்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-இல் ஒரு அளவு சொன்னார். 100 சொல்லில் 99-ஐச் சரியாக வாசித்தால் தனியாக விட்டுவிடலாம். 95 என்றால் பக்கத்தில் ஆள் இருந்து சொல்லித்தர ஏற்றது. 90-க்குக் கீழே போனால் அந்தப் புத்தகம் பிள்ளையை வருத்தும். ஆங்கில வாசிப்புக்காக வந்த அளவு இது. தமிழில் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து என்பதும் நமக்கு ஒரு சொல்தான், பூ என்பதும் ஒரு சொல்தான். நான் சொற்களின் நீளம் பார்த்துத்தான் புத்தகம் எடுத்துக்கொடுப்பேன்.

அதற்கு முன்னால் எந்த எழுத்தில் தடுமாறுகிறான் என்று பாருங்கள். தமிழில் எழுத்து 247 என்றாலும் 247-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், அவை சேரும் முறை, ஆய்தம், அவ்வளவுதான். பெரும்பாலும் பிள்ளைகள் சிக்கிக்கொள்ளும் இடம் கொம்பு வரும் வரிசை. கொ என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலி மூன்றையும் சேர்த்துப் பார்த்தபிறகுதான் வருகிறது. கெ, கே, கை, கொ, கோ, கௌ என்ற இந்த வரிசையை மட்டும் எல்லா மெய்யோடும் சேர்த்து தினம் பத்து நிமிடம் வாசிக்க வையுங்கள். அதே பத்தி அவனுக்கு வேறு மாதிரி தெரியும். இந்த அடைப்பு இருக்கும்வரை எந்த லெவல் வாசகம் கொடுத்தாலும் களைப்புதான்.

சின்னவளுக்குப் பாடத்திட்டம் எதுவும் வாங்காதீர்கள். நிறைய வாசித்துக்காட்டுங்கள். பொருள்களை எண்ணட்டும், கோடு போடட்டும், வெட்டி ஒட்டட்டும். ஐந்து வயதுக்கு அதுவே நிறைவான பாடம்.

பதில் 3 (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

அக்கா, மூன்று பேருக்கும் தனித்தனியாக நடத்த வேண்டுமா என்று கேட்டீர்களே, அதற்குச் சொல்கிறேன். கணக்கும் வாசிப்பும் தனித்தனி. அறிவியலையும் வரலாற்றையும் மூன்று பேருக்கும் சேர்த்தே நடத்துங்கள். முதலில் நானும் பிரித்துத்தான் வைத்திருந்தேன். ஒருத்திக்கு எரிமலை, இன்னொருவனுக்குச் செடி. எனக்கு இரண்டு மடங்கு வேலை, அவர்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை.

நீர் ஆவியாவதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சின்னவள் கொதிக்கும் நீருக்கு மேலே நீங்கள் பிடிக்கும் தட்டில் துளிகள் சேர்வதைப் பார்த்து வரையட்டும். மகன் படம் போட்டுப் பெயர் குறித்து, நடந்ததை வாயால் சொல்லட்டும். சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மூத்தவள் ஒரே அளவு நீரை வாய் அகன்ற கிண்ணத்திலும் குறுகிய பாட்டிலிலும் ஊற்றி, ஐந்து நாள் அளந்து வரைபடம் போடட்டும். வாசிக்க வேண்டிய பாடத்தை மூத்தவளின் லெவலில் எடுங்கள், அவளே தம்பி தங்கைக்கு வாசித்துக்காட்டட்டும். கணக்கில் நொந்திருக்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. மகன் மனக்கணக்கில் கெட்டி என்கிறீர்கள், மகளைக் கீழே இறக்கப் போகிறீர்கள். ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் வந்து நிற்கலாம். எங்கள் வீட்டில் அது நடந்தது. அக்காவிடம் கேட்ட கேள்விக்குத் தம்பி பதில் சொல்லிவிடுவான், அவள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். இதை நான் பல மாதம் கவனிக்கவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது. ஆகவே கணக்கு நேரத்தைப் பிரித்துவிடுங்கள், அவள் படிக்கும்போது அவன் வேறு அறையில் இருக்கட்டும். முடிந்தால் இரண்டு பேருக்கும் வேறு வேறு வரிசைப் புத்தகம் கொடுங்கள். ஒப்பிட எண்ணே இருக்காது.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரத்துக்குப் பிறகு)

மூன்று பேருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகனிடம் வாயால் கேட்டேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு 234 என்றான். குச்சிக் கட்டை நான்கு நாள் அவிழ்த்தோம். இப்போது நடுவில் பூஜ்யம் வந்தாலும் சரியாகப் போடுகிறான். புத்தகத்தை மாற்றவில்லை.

மூத்தவளுக்கு இரண்டு லெவல் கீழே தேர்வு வைத்ததில் 91 வந்தது. அதற்கு அடுத்ததில் 68. தப்பானதில் பாதிக்கு மேல் 6, 7, 8 வாய்ப்பாடு வரும் இடங்கள், மற்றது சமான பின்னங்கள். இவ்வளவு நாளாக விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்ப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை. இப்போது அந்தப் பாடங்களை மட்டும் காகிதத்தை மடித்து மடித்துச் செய்கிறோம். தம்பி அந்த நேரத்தில் அடுத்த அறையில் தங்கைக்குப் படம் காட்டுகிறான். நேற்று அவளிடம் பழைய 5/9-ஐக் காட்டினேன். முக்காலைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அவளே கேட்டாள்.

கொம்பு வரிசையில் தொ, தோ வரை வந்திருக்கிறோம். ஆசிரியை அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அவன் கெ, கே இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கிறான். இரண்டையும் ஒரே நாளில் நடத்தலாமா, அல்லது குறிலை முடித்துவிட்டு நெடிலுக்குப் போகட்டுமா?