‘விசுவாசத்தினாலேயே’: அந்த ‘யே’ எங்கிருந்து வந்தது?

முத்துக்குளி:
நாசரேத்தூரான் நேற்று எழுதியது: “ரோமர் 3:28ல் ‘விசுவாசத்தினாலேயே’ என்று வேதமே சொல்லிவிட்டது. கிரியை என்று வாய் திறக்கிற கத்தோலிக்கர் வசனத்தை மறுக்கிறார்கள்.”
ஐயா, மனிதன் தேவனுக்குமுன் நீதிமானாக்கப்படுவது விசுவாசத்தினால் மட்டுமா, கிரியையும் (செயலும்) வேண்டுமா என்பதுதானே பேச்சு? அந்த ‘யே’ மூலமான கிரேக்கத்தில் கிடையாது. அங்கே இருப்பது ‘பிஸ்தேய்’, ‘விசுவாசத்தினால்’. அவ்வளவுதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உருபே பெரும்பாலும் ‘ஆலே’. 5:1ஐப் பாருங்கள், ‘விசுவாசத்தினாலே’, ஒரே ஏகாரம். 3:28ல் இரண்டாவது ஏகாரம் ஏறியிருக்கிறது. ஏற்றியது நிருபத்தை எழுதிய பவுல் இல்லை. 1522ல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் மார்ட்டின் லூத்தர் ‘அல்லைன்’ (மட்டும்) சேர்த்த அதே வேலை.

நாசரேத்தூரான்:
வசனத்தைப் பாதியில் வெட்டுவது உங்களுக்குக் கைவந்த கலை. ‘நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகளில்லாமல்’ அதே வசனத்தில்தானே இருக்கிறது? ஒன்றைத் தள்ளி இன்னொன்றை நிறுத்தினால் தமிழில் ஏகாரம் வரத்தான் செய்யும். பிரிநிலை ஏகாரம், பள்ளிக்கூடப் பாடம். லூத்தரும் 1530ல் இதையே சொன்னார்: விவசாயி தானியம் மட்டும் கொண்டுவருகிறான், பணம் இல்லை. ‘இல்லை’ வருகிற இடத்தில் ‘மட்டும்’ சேர்ப்பது ஜெர்மன் பேச்சு வழக்கு.

முத்துக்குளி:
ஏன், வெறும் உறுதிக்கு வரும் தேற்ற ஏகாரமாக இருக்கக்கூடாதா? பிரிநிலை என்று தீர்ப்பெழுத உங்களை யார் உட்கார வைத்தது? நீதிமானாக்கப்படுவதைப் பேசும்போது ‘விசுவாசம்’ பக்கத்தில் ‘மோனோன்’ (கிரேக்கத்தில் ‘மட்டும்’) வருவது ஒரே இடம், யாக்கோபு 2:24. அங்கேயும் ‘மாத்திரமல்ல’!

நாசரேத்தூரான்:
மாற்கு 5:36ல் கிரேக்கத்தில் ‘மோனோன்’ இருக்கிறது. தமிழில் ‘பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு’ என்று அதை விட்டுவிட்டார்கள். அதற்கு ஏன் அழவில்லை?

முத்துக்குளி:
அது யவீருவின் மகள் பிழைப்பதைப் பற்றிய பேச்சு. நீதிமானாக்குவது எங்கே வந்தது? 3:28ல் அந்த ‘யே’ எங்கிருந்து வந்தது?

கோபுரமணி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். கிருபையில்லாமல் சொந்தக் கிரியையால் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், 1547, நீதிமானாக்குதல் பற்றிய முதல் விதியே அதுதான். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன்களும் ரோமும் நீதிமானாக்குதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்தும் போட்டாயிற்று. அப்புறம், கத்தோலிக்கர் இப்போது ‘நம்பிக்கை’ என்கிறார்கள், அதுதான் சரியான தமிழ். விசுவாசம் நாய்க்கு.

நாசரேத்தூரான்:
ஆபிரகாமின் விசுவாசத்தை நாயோடு சேர்க்கிறீர்களா? தலைமுறை தலைமுறையாக ஜெபித்த சொல் ஐயா அது. முதல் விதியைக் காட்டினீர்களே, விசுவாசத்தினால் மாத்திரம் என்பவனைச் சபிக்கிற ஒன்பதாம் விதியை எங்கே ஒளித்தீர்கள்?

முத்துக்குளி:
ஒன்பதாம் விதி வெறும் ‘மாத்திரம்’ என்ற சொல்லைச் சபிக்கவில்லை. கிருபையைப் பெற மனித சித்தம் ஒத்துழைக்கவே வேண்டாம், ஆயத்தமாகவே வேண்டாம் என்ற பொருளில் சொல்பவனைச் சபிக்கிறது. முழுசாகப் படியுங்கள். பவுல் தள்ளுவது நியாயப்பிரமாணத்தின் கிரியை, விருத்தசேதனம் முதலானது. பசித்தவனுக்குச் சோறு போடுவதை அல்ல.

நாசரேத்தூரான்:
ரோமர் 4:6ல் வெறும் ‘கிரியைகளில்லாமல்’. நியாயப்பிரமாணம் என்ற சொல்லே அங்கே இல்லை. ஆபிரகாமுக்கு விருத்தசேதனம் 99 வயதில், இஸ்மவேல் பிறந்தது 86ல், ஆதியாகமம் 15:6 அதற்கும் முன்னே. குறைந்தது 13 வருஷம் முந்தியே அவர் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டாயிற்று.

முத்துக்குளி:
அதே ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்தியது 22ஆம் அதிகாரம். 15:6 அப்போதுதான் ‘நிறைவேறிற்று’ என்கிறார் யாக்கோபு, 2:23. வருஷக் கணக்கு அவருக்கும் தெரியும். யாக்கோபின் நிருபத்தை ‘வைக்கோல் நிருபம்’ என்று 1522 முன்னுரையில் எழுதிய லூத்தரின் பிள்ளைகளுக்கு அது எப்படி உறைக்கும்?

நாசரேத்தூரான்:
நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). லூத்தரன் இல்லை. முன்பு நடந்த ஞானஸ்நான விவாதத்திலும் உங்களிடம் இதே புழுகு, பதில் கேட்டதும் ஆளைக் காணோம். யாக்கோபு கேட்பது எந்த விசுவாசம் என்று: 2:19, பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. உயிருள்ள விசுவாசம் கிரியையைப் பெறும். கிரியை விசுவாசத்தைப் பெறாது.

கோபுரமணி:
நாய் என்று நான் சொன்னது சொல்லைத்தான், ஆபிரகாமை அல்ல.

முத்துக்குளி:
கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. 5:1ல் ‘ஆலே’. 3:28ல் ‘ஆலேயே’. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ‘மோனோன்’ கிடையாது. அந்த ‘யே’ யாருடையது?

நாசரேத்தூரான்:
‘இல்லாமல்’ யாருடையதோ, அவருடையதே.

முத்துக்குளி:
இதுவும் ஒரு ‘யே’. நீங்கள் போட்டது.