12.9 போட்டால் ஜென்மத்துக்கும் கவலையில்லையாம்!

சங்ககிரி லாரி:
நேற்று இந்தக் குழுவில் கொல்லிமலை ஜீப் என்ற நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அவருடைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கிற போல்ட் மூன்று தடவை உடைந்ததாம், மூன்றும் 8.8ஆம் (போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் வலு எண், எண் கூடினால் வலு கூடும்), இப்போது நான்கிலும் 12.9 அல்லன் போல்ட் (தலையில் ஆறுமூலைக் குழி உள்ளது) போட்டுவிட்டாராம், "8.8 எல்லாம் கதவுக்குக் கீல் மாட்டத்தான் லாயக்கு" என்று தீர்ப்பு வேறு. அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம். ஐயா, 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாமல் நிற்கும், அதில் 80 சதவீதம், அதாவது 640 வந்தால்தான் நீளவே ஆரம்பிக்கும். 12 மி.மீ. போல்ட் ஒன்றில் ஏறக்குறைய ஐந்து டன்னைத் தொங்கவிட்டாலும் எடுத்தபின் பழைய நீளத்துக்கே திரும்பி வரும். இதுவா கதவுக் கீல்? முப்பது வருஷமாக லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் உடைந்து வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் போல்ட் முதலில் தளர்ந்தது, அப்புறம்தான் உடைந்தது. உடைந்த போல்ட்டின் படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கொல்லிமலை ஜீப்:
வந்துவிட்டார் வாத்தியார். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவன் நான், சங்ககிரியில் நிழலில் உட்கார்ந்து ஸ்பானர் பிடிக்கிறவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். மூன்று தடவை உடைந்தது. 12.9 போட்ட பிறகு உடையவில்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

சங்ககிரி லாரி:
போட்டு எத்தனை நாள் ஆயிற்று?

கொல்லிமலை ஜீப்:
பத்தொன்பது நாள்.

சங்ககிரி லாரி:
சரிதான்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சின்னக் கேள்வி. இரண்டு பேரும் "வலு" என்கிறீர்களே, எந்த வலு? இழுத்து அறுப்பதா, குறுக்கே வெட்டுவதா, ஆட்டி ஆட்டிக் களைக்க வைப்பதா? மூன்றும் வேறு வேறு.

லேத்து மாமா:
நான் சங்ககிரி அண்ணன் பக்கம். பட்டறைக்குப் பக்கத்தில் ஒருவர் 12.9 போல்ட் வாங்கி, கறுப்பாக இருக்கிறது என்று உள்ளூர்ப் பிளேட்டிங் கடையில் கொடுத்துத் துத்தநாகம் பூசி மினுமினு என்று மாட்டினார். மறுநாள் காலையில் ஒரு போல்ட்டின் தலை தரையில் கிடந்தது. வண்டி ஷெட்டைவிட்டு நகரவே இல்லை! பூசுகிறபோது ஹைட்ரஜன் உள்ளே போய்விடும், அத்தனை கடினமான இரும்பு அதைத் தாங்காது, பூசிய கையோடு சூடுபடுத்தி அதை வெளியே விரட்ட வேண்டும், அந்தக் கடையில் அதை யார் செய்தார்கள்? 8.8க்கு இந்தத் தொல்லையே இல்லை.

கொல்லிமலை ஜீப்:
என்னுடையது கறுப்பு போல்ட். பூசவில்லை. அடுத்த கதை?

சங்ககிரி லாரி:
கதை இல்லை, கணக்கு. ஸ்டியரிங் பாக்ஸைப் பிடிப்பது போல்ட்டின் தண்டு இல்லை, இறுக்கம். 12 மி.மீ. 8.8 போல்ட்டை 85 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் ஒவ்வொன்றும் மூன்றரை டன் அளவுக்குப் பாக்ஸைச் சேஸிஸோடு நெருக்கும். நான்கு சேர்ந்து பதினான்கு டன். அந்த நெருக்கத்தில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே வருகிற உராய்வே இரண்டு டன் தாங்கும், பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டிராப் ஆர்ம் இழுக்கிற இழுப்புக்குப் பாக்ஸ் மயிரளவும் நகராது. நகராதவரை போல்ட்டுக்கு வேலையே இல்லை. இறுக்கம் குறைந்தால்தான் பாக்ஸ் அசையும், ஓட்டை முட்டை வடிவம் ஆகும், போல்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து ஒருநாள் போய்ச் சேரும். நீங்கள் 12.9 போட்டு அதே 85தான் முறுக்கினீர்கள் என்றால் அது கொடுப்பதும் அதே மூன்றரை டன்தான், இரும்புக்கு விலை தெரியாது. எத்தனை முறுக்கினீர்கள்?

கொல்லிமலை ஜீப்:
அல்லன் சாவியில் பைப் மாட்டி முறுக்கினேன். நன்றாக. கை சொல்லும்.

சங்ககிரி லாரி:
கை சொல்லும்! அடடா. மூன்று தடவையும் அதே கைதானே சொன்னது?

புதுப்பேட்டை வாசி:
அண்ணன்களே, சண்டைக்கு நடுவே ஒன்று கேட்கலாமா. அப்பா வைத்துவிட்டுப் போன பழைய ஜீப், எல்லாம் இஞ்ச் மரை. ஸ்டியரிங் பாக்ஸுக்கு எந்த போல்ட் வாங்குவது? கடைக்காரர் தலையில் கோடு கோடாக இருப்பதைக் காட்டுகிறார், எண்ணே இல்லை.

கணக்குப்பிள்ளை:
தலையில் மூன்று கோடு என்றால் கிரேடு 5, ஏறக்குறைய 8.8 போல. ஆறு கோடு என்றால் கிரேடு 8, அது 10.9க்குக் கிட்டே. கோட்டோடு தயாரித்தவர் குறியும் இருக்கிறதா பாருங்கள். கோடு மட்டும் போட்ட போலி போல்ட் ஒரு காலத்தில் அமெரிக்காவில் அத்தனை புழங்கியதால்தான் 1990இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள்.

லேத்து மாமா:
எதைப் போட்டாலும் ஸ்பிரிங் வாஷர் போடு தம்பி.

சங்ககிரி லாரி:
மாமா, ஸ்பிரிங் வாஷரை இழுக்காதீர்கள். அது முழுதாக அமுங்கிய பிறகு வெறும் பிளேட் வாஷர்தான். 1969இலேயே யுங்கர் என்ற ஜெர்மன்காரர் போல்ட்டைக் குறுக்குவாட்டில் ஆட்டும் இயந்திரம் வைத்துப் பரிசோதித்துக் காட்டியாயிற்று, ஸ்பிரிங் வாஷர் நட்டைத் தடுக்கவில்லை. தடிமனான பிளேட் வாஷரும் உள்ளே நைலான் வளையம் வைத்த புது நைலாக் நட்டும் போடட்டும்.

லேத்து மாமா:
ஜெர்மன்காரர் என் பட்டறைக்கு வந்தாரா? என் அப்பா காலத்திலிருந்து போடுகிறோம். உங்களுக்காகத்தானே இப்போது பரிந்து பேசினேன், என்னையே கடிக்கிறீர்கள்.

கொல்லிமலை ஜீப்:
அவர் அப்படித்தான் மாமா. போன வருஷம் கிளட்ச் விவாதத்தில் இவர் பேச்சைக் கேட்டு எனக்கு 4,000 ரூபாய் போயிற்று, ஒரு வார்த்தை மன்னிப்பு கிடையாது.

சங்ககிரி லாரி:
கிளட்சை மாற்றச் சொன்னேன், ஃப்ளைவீலைக் கடையாமல் மாட்டியது யார்? அதை விடுங்கள். உடைந்த போல்ட்டின் படம் எங்கே? உடைந்த முகத்தில் ஆற்றுமணலில் தண்ணீர் வடிந்தது மாதிரி வரி வரியாக வழுவழுப்பாக ஒரு பகுதியும், ஓரத்தில் சர்க்கரை போலச் சொரசொரப்பாகக் கொஞ்சமும் இருந்தால் அது நாள்பட ஆடிச் செத்த போல்ட். வாஷரைச் சுற்றிக் குங்குமம் தூவியது போலச் செம்பொடி இருந்ததா? அதுவும் பாக்ஸ் ஆடியதற்குச் சாட்சி. 12.9 போட்டாலும் அது ஆடும்.

கொல்லிமலை ஜீப்:
செம்பொடி இருந்தது. அது துரு. மலையில் மழை பெய்யும், தெரியுமா? அப்புறம் இன்னொன்று, நான் பவர் ஸ்டியரிங் மாற்றி டயரையும் அகலமாகப் போட்ட பிறகுதான் இந்த உடைசலே. பழைய பாக்ஸில் எட்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அதாவது பளு கூடியது, 8.8 தாங்கவில்லை, 12.9 தாங்குகிறது. முடிந்தது.

சங்ககிரி லாரி:
ஆகா! இதை இவ்வளவு நேரம் மடியில் கட்டி வைத்திருந்தீர்களா? பவர் ஸ்டியரிங் பாக்ஸுக்குப் பிராக்கெட் யார் அடித்தது?

கொல்லிமலை ஜீப்:
ஊர்ப் பட்டறையில். 6 மி.மீ. தகடு. எளிதாக நுழையட்டும் என்று 14இல் ஓட்டை போட்டார்கள்.

சங்ககிரி லாரி:
12 மி.மீ. போல்ட்டுக்கு 14இல் ஓட்டை! அந்தப் பக்கம் சேஸிஸ் தகடு மூன்றோ நான்கோ மி.மீ., நடுவே வெற்றிடம். உள்ளே குழாய்த் துண்டு வைத்து வெல்டு செய்தார்களா? செய்யாவிட்டால் நீங்கள் முறுக்க முறுக்கச் சேஸிஸ் பெட்டி சப்பும், இறுக்கம் ஏறவே ஏறாது. அதிலும் அல்லன் போல்ட்டின் தலை சின்னது. 12.9ஐ அதற்குரிய அளவுக்கு முறுக்கினால் ஆறு டன் அந்தச் சின்ன வளையத்தில் இறங்கும், சாதா இரும்புத் தகடு பள்ளமாகும், பள்ளமானால் இறுக்கம் போயிற்று. உங்கள் 12.9 உடையாது, ஒத்துக்கொள்கிறேன், சேஸிஸ் கிழியும். போல்ட் உடைந்தால் 40 ரூபாய். சேஸிஸ் வளைவில் கிழிந்தால்?

கொல்லிமலை ஜீப்:
பாருங்கள், "12.9 உடையாது, ஒத்துக்கொள்கிறேன்" என்று அவரே எழுதிவிட்டார். எல்லோரும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரி லாரி:
மரை கழன்றவரோடு பேசுகிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

தமிழ்ச்சுவை:
அது "மறை" கழன்றவர். வல்லின றகரம். போல்ட்டில் உள்ளது மறை.

லேத்து மாமா:
மரைதான். லேத்தில் மரை வெட்டுகிறவன் சொல்கிறேன்.

தமிழ்ச்சுவை:
வெட்டத் தெரிந்தால் எழுதத் தெரியும் என்று பொருளில்லை.

லேத்து மாமா:
நீ ஒரு நட்டையாவது கழற்றியிருக்கிறாயா? மரையாணி என்று கேட்டதே இல்லையா?

கணக்குப்பிள்ளை:
மரையோ மறையோ, நான் கேட்ட "எந்த வலு" இன்னும் அப்படியே இருக்கிறது.

சங்ககிரி லாரி:
சும்மா இருங்கள் கணக்கு. குழாய்த் துண்டு வைத்தாரா இல்லையா, அதற்குப் பதில் வரட்டும். பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. தகட்டில் புதிதாக அடித்து, ஓட்டையைப் 12.5இல் போட்டு, சேஸிஸ் பெட்டிக்குள் குழாய் வைத்து, கனமான வாஷரோடு 10.9 போட்டு, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பச் சரிபார்த்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பெயின்ட்டின் மேல் மட்டும் முறுக்காதீர்கள், பெயின்ட் நசுங்கி இறுக்கம் குறையும், சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

கொல்லிமலை ஜீப்:
அட, நேற்று வரை 8.8 போதும் என்றார், இன்று 10.9 என்கிறார். நாளைக்கு 12.9க்கு வந்துவிடுவார், பொறுங்கள்.

சங்ககிரி லாரி:
8.8 போதும் என்று நான் சொன்னது கம்பெனி பாக்ஸுக்கு, கம்பெனி ஓட்டைக்கு. படித்துப் பாருங்கள்.

கொல்லிமலை ஜீப்:
எங்கே கம்பெனி ஓட்டை என்று எழுதினீர்கள்? நானும் தேடுகிறேன். நாளை விடிகாலை மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறுகிறேன், சாயங்காலம் மிளகு மூட்டையோடு இறங்குவேன். 12.9தான். போட்ட பிறகு உடையவில்லை.

புதுப்பேட்டை வாசி:
அண்ணன்களே, இஞ்ச் மரையில் நைசா (நெருக்கமான மரை), முரடா (அகலமான மரை)? கடை எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

சங்ககிரி லாரி:
பொறு தம்பி. முதலில் அந்த உடைந்த போல்ட்டின் படம் வரட்டும்.