வளாக விரிவாக்கம்: கண்ணாடி முகப்பில்லாமல் எளிமையாகக் கட்ட முடியுமா?

பொருநைக்கரை கேட்கிறார்:

வணக்கம். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணிபுரிகிறேன். புதிய வகுப்பறைத் தொகுதிக்கும் நூலக விரிவாக்கத்துக்குமான கட்டடக் குழுவில் ஆசிரியர்கள் சார்பில் இருக்கிறேன். வந்திருக்கும் முதல் வரைபடத்தில் மேற்கு நோக்கிய நான்கு மாடிகள், முகப்பு முழுவதும் கண்ணாடி. எங்கள் வளாகத்தில் முன்பே இப்படி ஒரு கட்டடம் இருக்கிறது. பிற்பகலில் வெயில் நேரே வகுப்புக்குள் இறங்குவதால், மாணவர்கள் கண்ணாடியின் மேல் பழைய செய்தித்தாள்களை ஒட்டியிருக்கிறார்கள். அதனால் அறை இருண்டுபோய்ப் பட்டப்பகலில் குழல்விளக்கு எரிகிறது. அதையே இன்னொரு முறை கட்டப்போகிறோம் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்த்திருக்கிறேன். பூச்சில்லாத செங்கல் சுவர்களும், ஓட்டை விட்டுக் கட்டிய ஜாலிகளும், மரங்களை வெட்டாமல் வளைந்து செல்லும் கட்டடங்களும் மனத்தில் நிற்கின்றன. குழுவிலோ, "அது மலிவு விலைக் கட்டடம், உயர்கல்விக்குப் பொருந்தாது" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்?

செங்கல்சூளை:

ஐயா, அந்த மையமே ஓர் உயர்கல்வி நிறுவனம்தானே. பொருளாதார ஆய்வு மாணவர்கள் ஐம்பது ஆண்டுகளாக அங்கே படித்துவருகிறார்கள். அதையே முதல் பதிலாகச் சொல்லுங்கள்.

அங்கே செலவு குறைந்தது தரத்தைக் குறைத்ததால் அன்று, தேவையற்ற பொருளை நீக்கியதால். ராட் ட்ராப் பாண்ட் என்னும் முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவதால், ஒன்பது அங்குலச் சுவரின் நடுவில் வெற்றிடம் விழுகிறது. செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று, வெளிச் சூடு அறைக்குள் விரைவாக வராமல் தடுக்கும். ஃபில்லர் ஸ்லாப் கூரையின் கணக்கும் இதுபோன்றதே. தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்குள்ள கான்கிரீட் அதற்கு உதவுவதில்லை. ஆகவே கம்பிகளுக்கு இடையில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட் வார்க்கிறார்கள். கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த பிறகு அண்ணாந்து பார்த்தால் ஓடுகளின் அடிப்பக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்குமேல் பூச்சும் வேண்டாம், பொய்க்கூரையும் வேண்டாம்.

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் கிடைக்கும் நாட்டுச் செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. விளிம்பில் நிறுத்தும்போது அந்த வேறுபாடு அப்படியே சுவரில் தெரியும். அளவு சீரான, நன்றாக வெந்த கல்லைத் தேடிப்பிடிக்க வேண்டும். பழகாத கொத்தனார் கலவையை வெற்றிடத்துக்குள் தள்ளிவிடுவார். அப்புறம் மிச்சமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அடிவரிசை, லிண்டல் மட்டம், கதவு நிலையின் ஓரம் ஆகியவற்றை நிறைசுவராகவே கட்ட வேண்டும். மின்குழாய் எங்கே வரும் என்பதைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஃபில்லர் ஸ்லாபுக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு கட்டாயம்.

நான்கு மாடியானால் தூண்களும் உத்திரங்களும் கான்கிரீட்டில்தான் வரும். இடையில் நிரப்பும் சுவர்களை இம்முறையில் கட்டலாம்.

வடக்குச்சாளரம்:

பொருளைப் பற்றிப் பேசும் முன் திசையைத் திருத்துங்கள். கட்டடத்தின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக ஓடி, சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருந்தால், உச்சியில் நிற்கும் வெயிலை ஒரு சன்ஷேடே மறைத்துவிடும். மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயிலை எந்தச் சன்ஷேடும் மறைக்காது. நம் ஊரில் ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே சாய்வதால், வடக்குப் பக்கத்துக்கும் சிறிது நிழல் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பேக்கரின் செங்கல் அழகு உங்கள் குழுவுக்குப் பிடிக்கவில்லை என்றால், புதுச்சேரியின் கோல்கொண்டே விடுதியைக் காட்டுங்கள். கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் பணி தொடங்கிய கான்கிரீட் கட்டடம் அது. முகப்பு முழுவதும் திருப்பக்கூடிய கிடைப்பட்டைகள். கண்ணாடி முகப்பும் இல்லை, ஒட்டு அலங்காரமும் இல்லை. அதைப் பார்த்த எவரும் மலிவு என்று சொல்ல மாட்டார்கள்.

கால அட்டவணை:

ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் கால அட்டவணை போட்டவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். இருக்கும் அறைகள் வாரத்தில் எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா? எங்களிடம் ஒவ்வொரு துறையும் தன் அறையின் சாவியைத் தானே வைத்திருந்தது. சாவிகளை ஓர் இடத்தில் சேர்த்து அறைகளைப் பொதுவாக்கியபோது, கேட்டிருந்த புதிய அறைகளில் பாதி தேவைப்படவில்லை. கட்டாத சுவருக்குச் செங்கல்லும் சிமென்ட்டும் வேண்டாம்.

பொருநைக்கரை:

அனைவருக்கும் நன்றி. அம்மா சொன்னதை முதலில் செய்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் அறைவாரியாகக் கணக்கெடுத்துவிடுவேன். மேற்கு முகத்தைத் திருப்பச் சொல்லிக் கட்டடக் கலைஞருக்கு இன்று எழுதியிருக்கிறேன். எங்கள் கொத்தனார்கள் இருவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று காட்டிவிட்டு, திரும்பியதும் வளாகத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஐயா, ஒரே ஒரு ஐயம்: நூலகத்தில் ஜாலி வைத்தால் தூசியும் சாரலும் புத்தகங்களைக் கெடுக்காதா?

செங்கல்சூளை:

கெடுக்கும். புத்தக அடுக்குகள் உள்ள இடத்தில் ஜாலியை வெளிச்சுவராக மட்டும் வைத்து, சற்று உள்ளே தள்ளிச் சன்னலுடன் இரண்டாவது சுவர் எழுப்புங்கள். திருவனந்தபுர மையத்தின் கணினிக் கூடத்தில் பேக்கர் அப்படி இரட்டைச் சுவர்தான் வைத்தார். திறந்த ஜாலி தாழ்வாரத்துக்கும் படிக்கட்டுக்கும் போதும்.